தீயணைப்பு வீரர் நெஞ்சுல படிஞ்ச தூசுக்கு யார் பொறுப்பு? – ஒரு நீண்ட த்ரெட்

1/
2020 தீபாவளி அன்னைக்கு அதிகாலை, மதுரை விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவுல ஒரு ஜவுளிக்கடையில தீ. அணைக்கப் போன இடத்துல பழைய கட்டடம் இடிஞ்சு விழுந்து ரெண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க. ஊரே அழுதது. அரசு உடனே நிவாரணம் அறிவிச்சது. அது சரியான செயல். என் கேள்வி வேற.

2/
அதே வேலையில, அதே மாதிரி தீயில, சுவர் விழாம தப்பிச்சு வந்து, ஆனா அன்னைக்கு உள்ளே இழுத்த தூசால முப்பது வருஷம் கழிச்சு மூச்சு முட்டிச் சாகுற வீரருக்கு யார் நிவாரணம் அறிவிக்கிறாங்க? யாரும் இல்லை. அது வேலையால வந்த நோய்னு எழுதுறதுக்கே ஆள் இல்லை. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

3/
நான் வாடிப்பட்டி பக்கம் அரசு ஆஸ்பத்திரியில ஓ.பி. பார்க்கிற சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர். நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனா இருமலோட வர்ற மனுஷனை முதல்ல பார்க்கிறது என்னை மாதிரி ஆட்கள்தான். அந்த முதல் அஞ்சு நிமிஷத்துல கேட்காம விட்ட கேள்விதான் பின்னாடி ஒரு குடும்பத்தோட இழப்பீட்டையே இல்லாம ஆக்குது.

4/
ஆஸ்பெஸ்டாஸ்னா என்ன? தமிழ்ல கல்நார். பேரே பொருத்தமானது: கல்லு, ஆனா நார் நாரா பிரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இழைகள். சிமென்ட்டோட கலந்து அடிச்சா மலிவான, இலேசான, துருப்பிடிக்காத கூரை. நம்ம ஊர்ல ‘சிமிண்ட் சீட்டு’, ‘ஆஸ்பெட்டாஸ் சீட்டு’ன்னு சொல்றது இதைத்தான். சீட்டுல பெரும்பங்கு சிமென்ட். கல்நார் பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும்.

5/
வாடிப்பட்டியில இருந்து சோழவந்தான் வரை ஒரு தடவை வண்டியில போய்ப் பாருங்க. ரைஸ் மில், தென்னை நார் போடுற இடம், கோழிப்பண்ணை, பழைய இரும்புக்கடை, மாட்டுக்கொட்டகை, கூலிக்காரங்க வீடு... எல்லாத்துக்கும் மேல சாம்பல் நிறத்துல அலை அலையா அதே கூரை. நம்ம ஊரோட வானத்துல பாதி இந்தச் சீட்டுதான்.

6/
இன்னொரு விஷயம். தமிழ்நாடு அரசின் சிமென்ட் கழகமே நம்ம பக்கத்து விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்துல ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் சீட்டு ஆலை நடத்தியிருக்கு. அதனால ‘ஏதோ தனியார் முதலாளி செஞ்ச தப்பு, அரசுக்கு என்ன சம்பந்தம்’னு யாரும் ஒதுங்க முடியாது.

7/
கும்பகோணம் ஞாபகம் இருக்கும். 2004 ஜூலை 16. கீத்துக் கூரை பள்ளி. 94 குழந்தைகள். அதுக்கப்புறம் பள்ளிகள்ல கீத்துக் கூரையை எடுக்கச் சொன்னாங்க. எடுக்கவேண்டியதுதான். ஆனா பல இடங்கள்ல அதுக்குப் பதிலா ஏறினது என்ன? இதே சீட்டு. ‘தீப்பிடிக்காத கூரை’ன்னு பேர். பிடிக்காதுதான். ஆனா கீழே இருக்கிற சரக்கு எரியும்போது மேலே இருக்கிற சீட்டு என்ன ஆகும்னு யாரும் கேட்கலை.

8/
என்ன ஆகும்? வெடிக்கும். சீட்டுக்குள்ள இருக்கிற ஈரம் சூட்டுல ஆவியாகி வெளியேற வழியில்லாம சீட்டைச் சில்லுச் சில்லா தெறிக்கவைக்கும். பட பட பட்னு பட்டாசு மாதிரி சத்தம் வரும். குடோன் தீயைப் பார்த்த எல்லாருக்கும் இந்தச் சத்தம் தெரியும். அந்த ஒவ்வொரு ‘பட்’டுக்கும் கொஞ்சம் கல்நார் இழை காத்துல கலக்குது.

9/
ரிட்டயர்டு தீயணைப்பு வீரர் ஒருத்தர் எங்கிட்ட சொன்னதை அப்படியே தர்றேன்: “சார், சீட்டு வெடிக்கும்போது ஒதுங்கிருவோம். அது கண்ணுக்குத் தெரியும்ல. தீ அமந்த பிறகுதான் உள்ள போயி குந்தாலியால கிளறி, கங்கு இருக்கான்னு பாப்போம். அப்ப மாஸ்க்கெல்லாம் யாரு போட்டா? துண்டை நனைச்சு மூஞ்சில கட்டிக்கிடுவோம். அவ்வளவுதான்.”

10/
இதுல ஆபத்து எங்கே இருக்குன்னு கவனிங்க. தீ எரியும்போது பயம் இருக்கு. சுவாசக் கருவி இருந்தா மாட்டுவாங்க. தீ அணைஞ்சதும் ‘இனி ஒண்ணுமில்லை’ன்னு கழட்டிடுவாங்க. உடைஞ்ச சீட்டை மிதிச்சு, இழுத்து, புரட்டுற அந்த ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம்தான் தூசு அதிகம். நனைஞ்ச துண்டு கரியைத் தடுக்கும். கல்நார் இழையைத் தடுக்காது.

11/
அப்புறம் அந்தக் காக்கி உடுப்பு எங்கே போகுது? வீட்டுக்கு. யார் உதறித் துவைக்கிறாங்க? மனைவியோ அம்மாவோ. கல்நார் தொழிலாளிகளோட உடுப்பைத் துவைச்ச பெண்களுக்கே மீசோதெலியோமா வந்தது 1960-கள்லயே லண்டன்ல பதிவாயிருக்கு. அந்தப் பெண்கள் ஆலை வாசலைக்கூட மிதிச்சதில்லை.

12/
மீசோதெலியோமா: நுரையீரலைச் சுத்தி இருக்கிற உறையில (சில சமயம் வயித்து உறையில) வர்ற புற்றுநோய். 1960-ல தென்னாப்பிரிக்காவுல கல்நார் சுரங்கப் பகுதியில 33 பேரை வச்சு வாக்னரும் கூட்டாளிகளும் எழுதின கட்டுரைக்கு அப்புறம், இந்த நோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்புல சந்தேகமே இல்லை. வந்தா, பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு வருஷம்கூடத் தாங்குறதில்லை.

13/
அது ஒண்ணு மட்டும் இல்லை. ஆஸ்பெஸ்டோசிஸ்: நுரையீரலே தழும்பேறி இறுகிப்போறது. நுரையீரல் புற்றுநோய், குரல்வளைப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய். எல்லாத்துக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. தூசு உள்ளே போன அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. இருபது, முப்பது, நாப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். சட்டத்துல நம்மாளுங்க தோக்குற இடம் இதுதான். கீழே வர்றேன்.

14/
‘தீயணைப்பு வீரருக்கு இது உண்மையிலேயே வருதா?’ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அமெரிக்காவுல சான்பிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியா மூணு ஊர்லயும் சுமார் 30,000 தீயணைப்பு வீரர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தாங்க. பொதுமக்களைவிட மீசோதெலியோமா ரெண்டு மடங்கு இருந்தது. காரணம் பழைய கட்டடங்கள்ல இருந்த கல்நார்னுதான் ஆய்வாளர்கள் கருதினாங்க.

15/
2022-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு (ஐ.ஏ.ஆர்.சி.) தீயணைப்பு வேலையையே ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்’ முதல் பிரிவுல சேர்த்துட்டாங்க. போதுமான ஆதாரம் இருக்குன்னு அவங்க சொன்ன ரெண்டு நோய்: மீசோதெலியோமா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய். கவனிங்க, ஏதோ ஒரு ரசாயனத்தை இல்லை, வேலையையே அந்தப் பட்டியல்ல வச்சிருக்காங்க.

16/
இப்ப நேர்மையா ஒரு விஷயம் சொல்லிடறேன். இதைப் படிச்சிட்டு யாரும் இன்னைக்கு ராத்திரியே வீட்டுக் கூரையைப் பிடுங்காதீங்க. உடையாம, ஓட்டை போடாம சும்மா கிடக்கிற சீட்டுல ஆபத்து குறைவு. ஒரே ஒரு சீட்டுத் தீயைப் பார்த்ததால மட்டும் நோய் வரும்னும் சொல்லலை. அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போது, வெடிக்கும்போதுதான் தூசு. அதை ஒரு நாள் இல்லை, முப்பது வருஷ சர்வீஸ் பூரா சுவாசிக்கிறவரைப் பத்தித்தான் பேசறேன்.

17/
‘தீயோட சூட்டுல கல்நார் இழையே அழிஞ்சிடும், அதனால ஆபத்தில்லை’ன்னு ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. பல நூறு டிகிரி சூட்டுல நின்னு வெந்தா இழையோட அமைப்பு மாறும். ஆனா சீட்டு அந்தச் சூட்டை எட்டறதுக்கு முன்னாடியே வெடிச்சுத் தெறிச்சிடுது. ஓரமா விழுந்த சில்லு, பாதி வெந்த துண்டு, தண்ணி பட்டு உடைஞ்ச சீட்டு... இதெல்லாம் அழிஞ்ச இழையா?

18/
அடுத்த வாதம்: ‘வெள்ளைக் கல்நார் பாதுகாப்பானது, நீலம்தான் ஆபத்து.’ நம்ம சீட்டுல இருக்கிறது கிரைசோடைல்ங்கிற வெள்ளை வகைதான். ஐ.ஏ.ஆர்.சி. எல்லா வகைக் கல்நாரையும், கிரைசோடைலையும் சேர்த்தே, முதல் பிரிவுல வச்சிருக்கு. அறுபதுக்கும் மேல நாடுகள் தடை செஞ்சாச்சு. அமெரிக்காவே 2024 மார்ச்ல கிரைசோடைலுக்குத் தடை அறிவிச்சது.

19/
கனடா கதை இன்னும் கேவலம். அவங்க பாராளுமன்றக் கட்டடத்துல இருந்து கல்நாரைக் கவனமா உறிச்சு எடுத்துக்கிட்டே, நமக்குக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டிருந்தாங்க. அவங்க எம்.பி.க்களோட நுரையீரலுக்கு ஆகாதது நம்ம ரைஸ் மில் கூலிக்காரர் நுரையீரலுக்கு ஆகும். 2018-ல அவங்களும் தடை போட்டுட்டாங்க. நாம இன்னும் வருஷத்துக்குப் பல லட்சம் டன் இறக்குமதி பண்றோம், முக்கியமா ரஷ்யாவுல இருந்து.

20/
நம்ம நாட்டுல கல்நார் சுரங்கத்துக்குப் புது அனுமதி கொடுக்கிறதை 1986-லயே நிறுத்தியாச்சு. தோண்டி எடுக்கிறது ஆபத்துன்னு அரசுக்குத் தெரியும். வாங்கிக் கலந்து விக்கிறது மட்டும் ஆபத்தில்லையா? ராட்டர்டாம் உடன்படிக்கைக் கூட்டங்கள்ல கிரைசோடைலை எச்சரிக்கைப் பட்டியல்ல சேர்க்க 2011-ல இந்தியா சம்மதம் சொன்னது. 2013-ல மறுபடியும் எதிர்த்தது. தடைகூட இல்லைங்க, வெறும் எச்சரிக்கைப் பட்டியல்!

21/
பக்கத்துல இலங்கை. தடை செய்யப் போறோம்னு சொன்னாங்க. 2017 டிசம்பர்ல ரஷ்யா, தேயிலைச் சரக்குல ஒரு வண்டு இருந்ததுன்னு சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்திச்சு. உடனே இலங்கை கல்நார் தடையைத் தள்ளிவச்சது. தேயிலை மறுபடி போச்சு. வண்டு எங்கே போச்சுன்னு கேட்காதீங்க. இந்த வியாபாரத்துக்குப் பின்னாடி எவ்வளவு பலம் இருக்குன்னு மட்டும் புரிஞ்சுக்கோங்க.

22/
சரி, சட்டத்துக்கு வருவோம். ‘நம்ம நாட்டுல சட்டமே இல்லை சார்’னு சொல்றவங்களுக்கு: இருக்கு. 2025 வரைக்கும் அது 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமா இருந்தது. அதோட இரண்டாம் அட்டவணையில யாருக்கெல்லாம் பொருந்தும்னு ஒரு பட்டியல் இருந்தது. அதுல தீயணைப்புப் படையில வேலை பார்க்கிறவங்க பேர் வெளிப்படையாவே இருந்தது.

23/
அதே சட்டத்தோட மூன்றாம் அட்டவணையில தொழில்சார் நோய்களோட பட்டியல். அதுல ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்தது. ‘கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதெலியோமாவும்’ இருந்தது. எந்த வேலைக்கு? ‘அந்த ஆபத்துக்கு ஆட்படும் எல்லா வேலைகளுக்கும்.’ அதாவது ஆலைத் தொழிலாளிக்கு மட்டும்னு இல்லை. ஆளும் பட்டியல்ல இருக்கார், நோயும் பட்டியல்ல இருக்கு. இன்னும் என்ன வேணும்?

24/
வேணும். இங்கேதான் முடிச்சு இருக்கு. மூன்றாவது பிரிவைப் படிங்க. *சர்வீஸ்ல இருக்கும்போதே* இந்தப் புற்றுநோய் வந்து, குறைஞ்சது ஆறு மாசம் தொடர்ந்து அந்த வேலை பார்த்திருந்தா, நோய் வேலையால வந்ததுன்னே சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்கிறது எதிர்த்தரப்போட பாடு. அருமை. ஆனா *சர்வீஸ் முடிஞ்ச பிறகு* வந்தா? வேலையாலதான் வந்ததுன்னு நிரூபிக்கிற பாரம் நோயாளி தலையில.

25/
கணக்குப் போடுங்க. 22 வயசுல சேர்றார். 30 வயசுல ஒரு நூல் குடோன் தீ, 35-ல ஒரு ரைஸ் மில், இடையில எத்தனையோ கொட்டகை. 60-ல ரிட்டயர்டு. நோய் வெளியே தெரியறது 65-ல. முப்பது நாப்பது வருஷம் எடுத்துக்கிற நோய் எப்பவுமே ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம்தான் வரும். ஆக, சட்டம் தர்ற சலுகை இந்த நோய்க்காரர் கைக்கு எட்டவே எட்டாது.

26/
எதை வச்சு நிரூபிப்பார்? தீ விபத்து அறிக்கைன்னு ஒண்ணு எழுதறாங்க. நேரம், இடம், காரணம், சேத மதிப்பு. மறுநாள் பேப்பர்ல பார்க்கிறோம், ‘பல லட்ச ரூபாய் பொருட்கள் எரிந்து நாசம்’. எரிஞ்ச நூல் மூட்டைக்குக் கணக்கு இருக்கு. வெடிச்ச சீட்டுக்கு விலை இருக்கு. அந்தச் சீட்டோட தூசு யார் யார் மூச்சுல போச்சுங்கிற கணக்கு மட்டும் எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லை.

27/
சரி, எங்க பக்கம் எப்படி? ஒருத்தர் இருமல், மூச்சு வாங்குறது, நெஞ்சுல நீர்னு வந்தா எங்க எல்லாருக்கும் முதல்ல தோணுறது டி.பி. அது தப்பில்லை, நம்ம ஊர்ல அதுதான் அதிகம். சளி பரிசோதனை, சிபிநாட் எல்லாம் எடுக்கணும். ஆனா எல்லாம் நெகட்டிவா வந்தும், நெஞ்சு நீர்னா டி.பி.தான்னு ஆறு மாசம் மாத்திரை ஓடுது பாருங்க, அங்கேதான் மீசோதெலியோமாவுக்கு இருக்கிற கொஞ்ச நேரமும் போயிடுது.

28/
நான் பார்த்த வரைக்கும் ஓ.பி. சீட்டுல பேர், வயசு, ஆணா பெண்ணா, ஊர் இருக்கும். தொழில்? பல சீட்டுல அந்தக் கட்டமே கிடையாது. இருந்தாலும் ‘ஓய்வு’ன்னு எழுதிடுவோம். அறுபத்தஞ்சு வயசுக்காரர் எல்லாரும் ஓய்வுதான். ஓய்வுக்கு முன்னாடி என்ன பண்ணார்? நோயோட பேரே அந்தப் பதில்லதான் இருக்கு.

29/
2025 வரை அமல்ல இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 89. ஆலையில வேலை பார்த்தவருக்கு ஆஸ்பெஸ்டோசிஸ்னு சந்தேகம் வந்தாலே, பார்த்த டாக்டர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்துல தெரிவிக்கணும்னு அது சொன்னது. தெரிவிக்கலைன்னா டாக்டருக்கு அபராதம். நல்ல சட்டம். ஆனா அது ஆலைத் தொழிலாளிக்கு. அதே நெஞ்சுப் படம், அதே தழும்பு, தீயணைப்பு வீரருக்கு இருந்தா? அந்தப் பிரிவுல அவர் வரலை. தீயணைப்பு நிலையம் தொழிற்சாலை இல்லையே!

30/
ஒரு முன்னாள் வீரர் நுரையீரல் தழும்போட வந்தார். என்ன வேலை பார்த்தார்னு விவரமா எழுதி, ‘தொழில்சார் நோயாக இருக்க வாய்ப்புண்டு, மேல் ஆய்வு தேவை’ன்னு ஒரு சர்டிபிகேட் கொடுத்தேன். எடுத்துக்கிட்டுப் போன ஆபீஸ்ல கேட்டாங்களாம்: “பீடி குடிப்பீங்களா?” ஆமான்னார். “அப்புறம் என்ன?”ன்னு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. எந்த ஆபீஸ்னு இங்கே எழுதப்போறதில்லை. இன்னொரு ஆபீஸா இருந்தாலும் இதேதான் கேட்டிருப்பாங்க.

31/
அதனால பீடிக்குப் பதில் சொல்லிடறேன். ஒண்ணு: மீசோதெலியோமா பீடியால வர்றதில்லை. ரெண்டு: ஆஸ்பெஸ்டோசிஸ் தழும்பு பீடியால வர்றதில்லை. மூணு: நுரையீரல் புற்றுநோய்ல பீடியும் கல்நாரும் சேர்ந்தா ஆபத்து கூட்டல் கணக்குல ஏறாது, கிட்டத்தட்ட பெருக்கல் கணக்குல ஏறும். அதாவது பீடி குடிச்ச வீரருக்கு வேலையால வந்த ஆபத்து குறையலை, கூடியிருக்கு. பீடியைக் காட்டி இழப்பீட்டை மறுக்கிறது மருத்துவம் இல்லை, சாக்கு.

32/
(இதைப் படிக்கிற வீரர்களுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு வார்த்தை: அதே காரணத்துக்காகவே பீடி சிகரெட்டை இன்னைக்கே விடுங்கண்ணே. உள்ளே போன இழையை எடுக்க எங்ககிட்ட மருந்து இல்லை. பீடியை நிறுத்துறது மட்டும் உங்க கையில இருக்கு. விட்ட வருஷத்துல இருந்தே ஆபத்து இறங்க ஆரம்பிக்கும்.)

33/
‘அரசு ஊழியர்தானே, காப்பீடு இருக்கு, பென்ஷன் இருக்கு, இன்னும் எதுக்கு இழப்பீடு?’ காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். பென்ஷன் அவர் உழைச்சதுக்கு. இழப்பீடுங்கிறது வேற. ‘இந்த வேலை உனக்கு இந்தக் கேட்டைச் செஞ்சது, அதுக்கு நான் பொறுப்பு’ன்னு முதலாளி ஒத்துக்கிறது. அப்படி ஒரு தடவை ஒத்துக்கிட்டாத்தான் அடுத்து சேர்ற பையனுக்கு மாஸ்க் வரும். காசு கொடுக்கவேண்டி வராத வரைக்கும் எந்த முதலாளியும் மாஸ்க் வாங்கினதில்லை, அரசு உட்பட.

34/
1995 ஜனவரி 27. நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கல்நார் வழக்குதான். தொழிலாளியோட உடல்நலம் அரசியல் சட்டம் 21-வது பிரிவு தர்ற வாழ்வுரிமையில சேர்ந்ததுன்னு சொன்னாங்க. நோய் உறுதியான தொழிலாளிக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு. அதைவிட முக்கியமா ஒரு உத்தரவு: ஒவ்வொரு தொழிலாளியோட உடல்நலப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து 40 வருஷம், இல்லைன்னா ஓய்வுக்குப் பிறகு 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்கணும்.

35/
ஏன் 40 வருஷம்? நோய் அவ்வளவு தாமதமா வரும்னு நீதிபதிகளுக்குப் புரிஞ்சது. அந்த உத்தரவு கல்நார் ஆலைகளுக்கு. அதுல இருக்கிற நியாயம் ஆலைச் சுவரோட நின்னுடுமா? சீட்டைச் செய்யறவர் நுரையீரலுக்கு 40 வருஷப் பதிவு. அதே சீட்டு வெடிக்கும்போது பக்கத்துல நிக்கிறவர் நுரையீரலுக்கு ஒண்ணுமில்லை.

36/
மத்த நாடுகள்ல என்ன பண்ணாங்க? நியூயார்க் இரட்டைக் கோபுரத்துல ஒண்ணுல கீழ்மாடிகள்ல கல்நார் பூச்சு இருந்தது. 2001 செப்டம்பர் 11-ல ஒரே நாள்ல 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க. அதுக்கப்புறம் அந்தத் தூசும் புகையும் தந்த நோய்கள்ல இறந்த வீரர்களோட எண்ணிக்கை இப்ப அந்த 343-ஐத் தாண்டியாச்சு. அவங்களுக்காகத் தனிச் சட்டம். இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்க 2090 வரை அவகாசம்.

37/
2090! அன்னைக்கு இருபது வயசுல இருந்தவருக்கு நூத்தி ஒன்பது வயசாகும் வரைக்கும். நோய் எவ்வளவு தாமதமா வந்தாலும் கதவு திறந்திருக்கணும்னு நினைச்சிருக்காங்க. நம்ம சட்டத்துல கெடு ரெண்டு வருஷம். தாமதத்துக்குப் போதுமான காரணம் இருந்தா இழப்பீட்டு ஆணையர் ஏத்துக்கலாம்னு ஒரு வழி இருக்கு. அந்த வழி இருக்கிறதே யாருக்கும் தெரியாது.

38/
கனடாவுல மனிடோபா மாகாணம் 2002-லயும், ஆஸ்திரேலியா 2011-லயும் ஒரு எளிமையான வேலை செஞ்சாங்க. தீயணைப்பு வேலையில இத்தனை வருஷம் இருந்தவருக்குப் பட்டியல்ல உள்ள புற்றுநோய் வந்தா, வேலையால வந்ததுன்னே எடுத்துக்கணும். நிரூபிக்கிற பாரம் நோயாளிக்கு இல்லை. நம்ம 1923 சட்டத்துல சர்வீஸ்ல இருக்கிறவருக்கு இருந்த அதே ஊகம்தான். அதை ரிட்டயர்டு ஆனவருக்கும் நீட்டினாப் போதும்.

39/
அரசுகிட்ட கேட்கிறது ஆறே விஷயம்:
ஒண்ணு, தீ அறிக்கையில ஒரு வரி: ‘கூரை ஆஸ்பெஸ்டாஸா? ஆம்/இல்லை. பணியில் இருந்தவர்கள் யார் யார்?’
ரெண்டு, அந்த வரி ஒவ்வொருத்தர் பணிப்பதிவேட்டுலயும் ஏறணும். 40 வருஷம் இருக்கணும்.
மூணு, தீ அணைஞ்ச பிறகு கிளறும்போதும் இழையைத் தடுக்கிற மாஸ்க். கிளறுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நல்லா நனைக்கணும்.

40/
நாலு, உடுப்பை நிலையத்துலயே துவைக்கிற ஏற்பாடு. வீட்டுக்கு அந்தத் தூசு போகக்கூடாது.
அஞ்சு, மீசோதெலியோமா, ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய் மூணும் ஓய்வுக்குப் பிறகு வந்தாலும் பணியால வந்ததாக் கருதப்படும்னு ஒரு அரசாணை.
ஆறு, இனி எந்த அரசுக் கட்டடத்துக்கும், பள்ளிக்கும் புதுசா கல்நார் கூரை கிடையாது.

41/
‘நிதி இல்லை’ன்னு சொல்லப்போறவங்களுக்கு: முதல் ரெண்டுக்கும் பேனா மை செலவுதான். மூணாவதும் நாலாவதும் ஒரு நிலையத்துக்கு எவ்வளவு ஆகும்னு ஒரு குடோன் தீயோட சேத மதிப்போட ஒப்பிட்டுப் பாருங்க. அஞ்சாவதுக்கு நிறைய பேர் வருவாங்கன்னு பயமா? நிறைய பேர் வந்தா, நிறைய பேர் செத்துக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வேணும்.

42/
இதுல இன்னொரு கூட்டம் விடுபடுது. தீ அணைஞ்ச மறுநாள் உடைஞ்ச சீட்டை வெறுங்கையால அள்ளி டிராக்டர்ல ஏத்துற கூலிக்காரங்க, பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள், பழைய கட்டடம் இடிக்கிறவங்க. அவங்களுக்குப் பணிப்பதிவேடும் இல்லை, பென்ஷனும் இல்லை. சீருடை போட்டவருக்கே வழி பிறக்கலைன்னா இவங்களுக்கு எப்பப் பிறக்கும்? அதனாலதான் வீரர்கள்ல இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றேன்.

43/
என் சக டாக்டர்களுக்கு: ஒரே கேள்வி. “ஐயா, ரிட்டயர்டு ஆகறதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க? எத்தனை வருஷம்?” பதிலை ஓ.பி. சீட்டுல எழுதுங்க. விரல் நுனி உருண்டிருக்கா, முதுகுல அடிப்பக்கம் கரகரன்னு சத்தம் கேட்குதா பாருங்க. சந்தேகம் வந்தா எக்ஸ்-ரேயோட நிக்காம எச்.ஆர்.சி.டி.க்கு அனுப்புங்க. நெஞ்சு நீர் திரும்பத் திரும்ப வந்தா திசுப் பரிசோதனை இல்லாம விடாதீங்க.

44/
வீரர்கள் குடும்பங்களுக்கு: பணிப்பதிவேட்டு நகல், எந்தெந்த நிலையத்துல எந்தெந்த வருஷம்ங்கிற விவரம், ஞாபகம் இருக்கிற பெரிய தீ விபத்துகளோட பட்டியல், கூட நின்னவங்க பேர். ஒரு நோட்டுல எழுதி வைங்க. பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன் எதையும் தூக்கிப் போடாதீங்க. டாக்டர்கிட்ட போனா கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க: “எங்கப்பா ஃபயர் சர்வீஸ்ல இருந்தவர்.”

45/
நோய் உறுதியானா, தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர்கிட்ட மனு போடலாம். இறந்துட்டா அவரைச் சார்ந்தவங்க போடலாம். இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. முதல் மனு தள்ளுபடியாகலாம். ஆனா அது எழுத்துல தள்ளுபடியாகட்டும். மேல்முறையீடு செய்ய அந்தக் காகிதம் வேணும். வாய்ல “போங்க”ன்னு சொல்லி அனுப்பினா எந்தக் கோர்ட்டுலயும் அதைக் காட்ட முடியாது.

46/
நாம 101-க்குப் போன் போட்டா ‘எந்தக் கூரை, என்ன தூசு’ன்னு கேட்டுட்டு அவங்க வர்றதில்லை. மணி அடிச்சதும் கிளம்பி வர்றாங்க. அந்த மனுஷன் நாளைக்கு மூச்சு முட்டி ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா, ‘நிரூபி’ன்னு நாம கேட்கிறோம். இந்த த்ரெட்டைத் தீயணைப்புத் துறையில இருக்கிற, இருந்த உங்க சொந்தக்காரர் ஒருத்தருக்காவது அனுப்புங்க. உங்க தொகுதி எம்.எல்.ஏ.வையும் டேக் பண்ணுங்க. முதல்ல அந்த அறிக்கையில ஒரு வரி ஏறட்டும்.